ஐம்பதாவது முறை வருகிறவருக்கான கடை

புறநகரில் கடை திறக்க விரும்புகிறவர்கள் என்னிடம் வரும்போது கட்டட வரைபடம் கொண்டுவருவது அபூர்வம். கைபேசி நிறையப் படங்கள் கொண்டுவருகிறார்கள். கறுப்புக் கூரை, பித்தளை நிறக் கைப்பிடிகள், சுவரில் வளைவு வளைவாக மாடங்கள், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, ஒரு மூலையில் நியான் எழுத்து. பெரும்பாலும் அவை ஏதோ ஒரு பெருநகரத்தின் நடுவில், யாரோ ஒருவர் வாழ்நாளில் ஒரு முறை மட்டும் நுழையப்போகும் கடைகள். கடைகளுக்கு உள்ளரங்கு வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் இந்தப் படங்கள் மீது எனக்குப் பகை கிடையாது. சில எனக்கே பிடித்தவை. ஆனால் புறநகர்க் கடைக்கு வருகிறவர் வேறு ஆள். அவர் வாரம் ஒரு முறையோ தினமுமோ வருகிறார். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், களைப்போடு, வண்டியை எங்கே நிறுத்துவது என்ற யோசனையோடு வருகிறார். முதல் நாள் அவரை அசரவைத்த நியான் எழுத்து மூன்றாவது வாரம் கண்ணில் படுவதே இல்லை. கூடையை வைக்க இடமில்லாத கல்லா மட்டும் ஒவ்வொரு முறையும் கையில் இடிக்கிறது.

அதனால் எந்தப் புது மோஸ்தர் வந்தாலும் அதை ஒரே கேள்வியால் உரசிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. ஐம்பதாவது முறை வருகிறவருக்கு இது என்ன தரும்?

வேலை கடைக்குள் தொடங்குவதில்லை, சாலையில் தொடங்குகிறது. நகர நடுவில் கடையைக் கடப்பவர் நடந்து போகிறவர். புறநகரில் வண்டியில் போகிறவர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் தாண்டிவிடும். பெயரைப் படித்து, முடிவெடுத்து, ஓரம் கட்ட நான்கு நொடி என்று குறைத்தே வைத்தாலும் 56 மீட்டருக்கு முன்பே பலகை படிக்கும்படி இருக்க வேண்டும். பெயர்ப்பலகைத் தொழிலில் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு: மூன்று மீட்டர் தொலைவுக்கு இரண்டரை சென்டிமீட்டர் எழுத்து உயரம். அந்தக் கணக்குப்படி எழுத்து ஏறக்குறைய 47 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தமிழைப் போலக் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீளும் எழுத்துகளில் நடு உடலை மட்டும்தான் அளக்க வேண்டும். பலகைக்காரர்கள் மொத்த உயரத்தைச் சொல்லிச் சமாளிப்பார்கள்.

இப்போதைய மோஸ்தர் இதற்கு நேர் எதிர். சாம்பல் சுவர் மேல் அடர்சாம்பலில் மெலிந்த எழுத்துகள், பின்னாலிருந்து மட்டும் ஒளி கசியும். இரவில் நிஜமாகவே அழகு. பகல் முழுவதும் அது பெயரில்லாத கடை. உரிமையாளர் பிடிவாதமாக இருந்தால் நான் வாதிடுவதில்லை. எழுத்தை அதே அளவில் காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, அவரை வண்டியில் ஏற்றி, எதிர்த் திசையிலிருந்து வழக்கமான வேகத்தில் ஓட்டச் சொல்கிறேன். மீதி வாதத்தைச் சாலை பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது கண்ணாடி முகப்பு. உள்ளே இருக்கும் பொருள்கள் சாலையிலிருந்து பளிச்சென்று தெரியும் என்ற நம்பிக்கையில் கேட்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நல்ல வெயிலில் வெளியே 50,000 லக்ஸ், சில நேரம் அதற்கும் மேல். நன்றாக விளக்குப் போட்ட கடைக்குள் 500 லக்ஸ். அதாவது வெளியே நூறு பங்கு என்றால் உள்ளே ஒரு பங்கு. சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் எட்டு விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. ஆக, கண்ணாடியில் தெரியும் எதிர்ப்புறக் கட்டடத்தின் பிம்பம் உள்ளே இருக்கும் பொருளைவிடப் பல மடங்கு பிரகாசம். பகலில் கண்ணாடி முகப்பு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. சாலையில் போகிறவர் தன்னைத்தான் பார்த்துக்கொள்கிறார். இதில் மேற்குப் பார்த்த கடையானால் மாலை வெயில் நேராக உள்ளே இறங்கி, முன்வரிசைச் சரக்கை நிறம் மங்கச் செய்து, குளிர்சாதனத்தைத் திணறவைக்கும். சில மாதங்களில் உரிமையாளரே கண்ணாடி மேல் தள்ளுபடிச் சுவரொட்டிகளை ஒட்டத் தொடங்குவார். அதன் பிறகு அது சுவர்தான். விலை அதிகமான சுவர்.

கண்ணாடியே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கண்ணாடிக்கு மேல் ஆழமான நிழற்கூரை போடுங்கள்; ஒன்றரை மீட்டர் நீண்டால்கூடப் பிரதிபலிப்பு வெகுவாக அடங்கும், மழைக்கு ஒதுங்கவும் இடம் கிடைக்கும். கண்ணாடிக்கு ஒரு மீட்டர் பின்னால் வெளிர் நிறத்தில் ஒரு தடுப்பை நிறுத்தி, அதன் மேல் மட்டும் வலுவான விளக்கைப் பாய்ச்சுங்கள். சாலையிலிருந்து தெரிவது கடையின் ஆழம் அல்ல, ஒளி விழுந்த அந்த ஒரு பரப்புதான். முழு அகலமும் கண்ணாடியாக இருப்பதைவிட இரண்டு பெரிய சாளரங்களும் இடையே திடமான சுவரும் இருந்தால், சுவர்ப் பக்கம் அடுக்குகள் வைக்கவும் இடம் கிடைக்கும்.

முகப்பு பற்றிப் பேசும்போது ஒரு பொருளைத் தாண்டிப் போக முடியவில்லை. பழைய கட்டடத்தை ஒரே வாரத்தில் புதிதாகக் காட்ட எல்லோரும் கையில் எடுப்பது ஏ.சி.பி. எனப்படும் அலுமினியக் கூட்டுத் தகடு. இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே ஓர் உள்ளீடு. மலிவான வகையில் அந்த உள்ளீடு பாலிஎத்திலீன், எரியக்கூடிய பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் குடியிருப்புக் கோபுரத்தில் 72 பேர் உயிரிழந்த தீ அவ்வளவு வேகமாகக் கட்டடத்தைச் சூழ்ந்ததற்கு அப்படிப்பட்ட உறைத் தகடுகளே முக்கியக் காரணம். நம் கடை இரண்டு மாடிதானே என்பார்கள். கடைக்கு மேல் மாடியில் குடும்பங்கள் தூங்குகின்றன. தகட்டைத் துளைத்துத்தான் பெயர்ப்பலகைக்கு மின்கம்பி போகிறது. கனிம உள்ளீடு கொண்ட, தீச் சோதனைச் சான்று உள்ள தகட்டை மட்டும் வாங்குங்கள். மாதிரித் துண்டை வாங்கி அதன் ஓரத்தைப் பாருங்கள், சான்றிதழில் உள்ள வகைப் பெயர் தகட்டின் பின்புறம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நல்ல சாந்துப் பூச்சும் சாயமும் போதும். அது அவமானமில்லை.

இனி உள்ளே. இன்று என்னிடம் வருகிற பத்துப் படங்களில் பாதிக்கு மேல் கறுப்புத் திறந்த கூரைதான். ஃபால்ஸ் சீலிங் இல்லாமல், குழாய்களும் கம்பிகளும் தெரிய, எல்லாவற்றின் மேலும் மங்கலான கறுப்பு அடித்துவிடுவது. செலவு மிச்சம் என்று நினைத்துக் கேட்கிறார்கள். மிச்சம் இல்லை. மறைவாக எப்படியோ ஓடிய கம்பிகளை இப்போது நேர்கோட்டில் ஓட்டியாக வேண்டும். காற்றுக் குழாய்களைப் பார்க்கும்படி செய்தாக வேண்டும். குளிரவைக்க வேண்டிய கன அளவு கூடுகிறது. வெள்ளைக் கூரை தன் மேல் விழும் ஒளியில் 80 விழுக்காடு வரை கீழே திருப்பி அனுப்பும். மங்கல் கறுப்பு ஐந்து விழுக்காட்டைத் தாண்டாது. ஆகவே அதே வெளிச்சத்துக்குக் கூடுதல் விளக்குகள், கூடுதல் மின்கட்டணம், மாதா மாதம், கடை உள்ளவரை. போதாக்குறைக்கு மேலே கான்கிரீட் கூரையில் பட்டு எதிரொலிக்கும் சத்தம். தரையும் பளபளப்பான கல்லாக இருந்தால் ஒரு குழந்தையின் அழுகை கடை முழுவதும் கேட்கும்.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. திறந்த கூரையில் கசிவு வந்தால் அன்றே தெரியும். விளக்கை நகர்த்த எதையும் உடைக்க வேண்டியதில்லை. சரக்கு வகை அடிக்கடி மாறும் கடைக்கு இது பெரிய வசதி. அதனால் நான் பெரும்பாலும் நடுவழி சொல்கிறேன்: கூரையைத் திறந்தே விடுங்கள், ஆனால் கறுப்புக்குப் பதில் வெளிர் சாம்பல் அடியுங்கள், கல்லாவுக்கும் ஆட்கள் நின்று பேசும் இடத்துக்கும் மேலே மட்டும் ஒலி உறிஞ்சும் பலகைகளைத் தொங்கவிடுங்கள். படத்தில் பார்த்தது அப்படியே வராது. ஒட்டடை அடிக்கிறவர் வாழ்த்துவார்.

விளக்கு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் சரக்கை விற்பது அதுதான். துணி வாங்க வருகிறவர் சுளித்த முகத்தோடு துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்க்கிறார் என்றால், அந்தக் கடையின் விளக்குப் பொய் சொல்கிறது என்று பொருள். எல்.இ.டி. பெட்டி மேல் சி.ஆர்.ஐ. என்ற எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு. 80 என்றிருந்தால் நல்ல விளக்கு என்று விளக்குக் கடைக்காரர் விற்றுவிடுவார். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களை வைத்துப் போடப்படும் சராசரி. அழுத்தமான சிவப்பு அதில் சேர்த்தி இல்லை. அது ஆர்9 என்று தனியாகக் கொடுக்கப்படுகிறது. சராசரி 80 உள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்துக்கு அருகில்கூட இருக்கலாம். சிவப்புத் துணி செங்கல் நிறத்தில் தெரிவதும், பழங்கள் நேற்றையவை போல் இருப்பதும், உடை மாற்றும் அறையில் எல்லோர் முகமும் நோயாளி முகமாவதும் இதனால்தான். துணி, காலணி, அழகுப்பொருள், பழம் விற்கும் இடங்களில் 90க்கு மேல் கேளுங்கள். ஆர்9 எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். கிடங்குக்கும் படிக்கட்டுக்கும் 80 தாராளம்.

ஒளியின் வெம்மை, அதாவது அதன் நிறச் சாயல், அதற்கு அடுத்தது. அதைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள். 3000 கெல்வின் மஞ்சள் சாயல், 4000 நடுநிலை, 6500 நீலம் கலந்த வெள்ளை. எது சரி என்ற சண்டையைவிட, எல்லாம் ஒன்றாக இருப்பது முக்கியம். திறப்பு விழா அன்று எல்லாம் 3000இல் இருக்கும். ஓராண்டில் எரிந்துபோனவற்றுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த வெள்ளையை மாட்டியிருப்பார்கள், கூரை புள்ளி விழுந்ததுபோல் ஆகிவிடும். நான் ஒப்படைக்கும்போதே பத்தில் ஒரு பங்கு உபரி விளக்குகளை வாங்கவைத்து, கெல்வின் எண்ணை மின்பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுகிறேன். இன்னொன்று: எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளிச்சம் கொட்டினால் எதுவுமே எடுப்பாகத் தெரியாது. கண் ஒரு பொருளிடம் போய் நிற்க வேண்டுமானால் சுற்றுப்புறத்தைவிட மூன்று மடங்காவது ஒளி அங்கே வேண்டும். கூரையில் பொருத்திய தண்டில் நகர்த்தித் திருப்பக்கூடிய டிராக் லைட்டின் பயனே அதுதான், ஆனால் அதைத் திருப்பி வைக்க ஏணி ஏறும் ஆள் கடையில் இருக்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் அந்த விளக்குகள் பழைய அடுக்கு இருந்த வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இசையைப் பற்றி ஒரு வரி. ரொனால்டு மில்லிமன் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்பொருள் அங்காடியில் மெதுவான இசை ஒலித்த நாள்களில், வேகமான இசை ஒலித்த நாள்களைவிட விற்பனை 38 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதை மேற்கோள் காட்டி ஒலிபெருக்கி விற்பவர்கள் உண்டு. அது ஒரே கடையில் நடந்த ஆய்வு. நாள் முழுவதும் அதே பாட்டைக் கேட்கப்போவது ஊழியர்கள். அவர்கள் முகம் சுளித்தால் விற்பனை எங்கே போகும் என்று யாரும் அளந்து சொல்வதில்லை.

புறநகர் வணிக இடங்களின் வரலாறு தெரிந்தால் இன்றைய மோஸ்தர்கள் எவ்வளவு பழையவை என்பது புரியும். கார் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் கன்ட்ரி கிளப் பிளாசா என்ற வணிகப் பகுதி 1923இல் திறக்கப்பட்டது. அது தெருக்களும் நடைபாதைகளும் கொண்ட திறந்தவெளி. வியன்னாவில் பிறந்து, 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற கட்டடக் கலைஞர் விக்டர் குருயென் 1956இல் மினியாபொலிஸ் அருகே எடினாவில் சவுத்டேல் வளாகத்தை அமைத்தார். முழுதும் மூடப்பட்ட, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 24 டிகிரியில் வைக்கப்பட்ட உட்புறம். அவர் வரைந்த திட்டத்தில் சுற்றிலும் வீடுகள், பள்ளி, பூங்கா, ஏரி எல்லாம் இருந்தன. கட்டப்பட்டது நடுவில் இருந்த கடைக்கூடமும் அதைச் சுற்றிய வாகன நிறுத்தமும்தான். உலகம் அந்தப் பாதியைத்தான் நகலெடுத்தது. கடைசிக் காலத்தில் அவர் இந்த வளாகங்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று பகிரங்கமாகவே சொன்னார். கொலராடோவின் லேக்வுட்டில் 1966இல் கட்டிய மூடிய வளாகம் ஒன்று இடிக்கப்பட்டு, அதே இடத்தில் 2004இல் தெருக்களும் வீடுகளும் கடைகளும் கலந்த பெல்மார் திறக்கப்பட்டது. சவுத்டேலின் வாகன நிறுத்தத்தின் ஒரு பகுதியில்கூட இன்று குடியிருப்புகள் நிற்கின்றன. இப்போது புதுமை என்று விளம்பரமாகும் ‘திறந்தவெளித் தெருக்கடைகள்’ 1923இல் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன.

இதிலிருந்து சிறு கடைக்காரர் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: வண்டிக்கும் வாசலுக்கும் நடுவே உள்ள தூரமும் கடைதான். அங்கே நிழல் உண்டா, மழைநீர் தேங்குகிறதா, இரவில் வெளிச்சம் உண்டா, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர் பின்னோக்கி வரும் வண்டிகளுக்கு நடுவே புகுந்து வர வேண்டியிருக்கிறதா? உள்ளே சலவைக்கல் பதிக்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மீட்டரும் சொச்சமும் அகலமுள்ள, சற்றே உயர்த்திய ஒரு நடைபாதை போட்டுவிடுங்கள். யாரும் அதைப் படம் எடுக்க மாட்டார்கள்.

வாசல் தாண்டிய முதல் சில அடிகளில் எதையும் விற்க முயலாதீர்கள். கடைகளில் மனிதர்கள் நடந்துகொள்வதை நெடுங்காலம் கவனித்த பாக்கோ அண்டர்ஹில் இதைத்தான் அழுத்திச் சொல்லிவந்தார்: உள்ளே நுழைகிறவரின் கண்ணும் நடையும் கடைக்குப் பழகும் வரை அவர் எதையும் கவனிப்பதில்லை. புறநகரில் இது இன்னும் உண்மை. குடையை மடக்கி, சாவியைப் பையில் போட்டு, கைபேசி அழைப்பை முடித்துக்கொண்டு வருகிறார்கள். அங்கே கூடையும் கால்மிதியும் மட்டும் போதும். அவர் கவனித்த இன்னொன்று, குனிந்து பொருளைப் பார்க்கும்போது பின்னால் யாராவது உரசிக்கொண்டு போனால், முக்கியமாகப் பெண்கள், பார்த்ததை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்பது. சக்கர நாற்காலி போக 915 மில்லிமீட்டர் வழி வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதிகளின் குறைந்தபட்ச அளவு. அதைக் கடையின் அளவாக வைக்கக் கூடாது. இருவர் ஒருவரையொருவர் கடக்க அது போதாது. வரைபடத்தில் நான் வழிகளை வரையும்போது, நிறுவனங்களின் விற்பனை முகவர்கள் பின்னால் கொண்டுவந்து நடுவழியில் நிறுத்தப்போகும் அட்டைப்பெட்டி அடுக்குகளையும் சேர்த்தே வரைகிறேன். அவை வராமல் இருந்ததே இல்லை.

கடையின் உள் அமைப்பை இப்போது உண்மையிலேயே மாற்றிக்கொண்டிருப்பது இணைய ஆர்டர்கள்தான். அதற்கான படம் எந்தக் கைபேசியிலும் இருப்பதில்லை. முன்பு வாடிக்கையாளர் மட்டும் வந்தார். இப்போது அவருக்குப் பதிலாகப் பொருளை எடுக்க வரும் ஊழியரும், எடுத்துச்செல்ல வரும் பையன்களும், முன்பே பணம் கட்டிவிட்டுப் பையை வாங்கிப்போக மட்டும் வருகிறவரும் ஒரே கல்லாவில் மோதுகிறார்கள். சாலையைப் பார்த்த பக்கச்சுவரில் ஒரு சாளரம், அதன் உட்புறம் எண்ணிட்ட அடுக்கு, வெளியே நிழலில் நிற்க இடம், கைபேசி மின்னேற்ற ஒரு முனை. இவ்வளவு செய்துவிட்டால் வாசல் காலியாகிவிடும். காத்திருப்பவர்கள் வெயிலில் நிற்கும்படி விட்ட கடைகளில் அவர்கள் வாசற்படியில் உட்காருகிறார்கள், உரிமையாளர் விரட்டுகிறார். தப்பு உட்காருகிறவர் மேல் இல்லை.

தானே பில் போடும் இயந்திரத்தைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். வட இங்கிலாந்தின் பூத்ஸ் என்ற அங்காடிக் குழுமம் 2023இல் இரண்டு கிளைகள் தவிர மற்ற எல்லாவற்றிலும் அதை எடுத்துவிட்டு ஆட்களைத் திரும்ப நிறுத்தியது. பேசிப் பழகின முகங்களுக்காகவே வருகிறவர்கள் உள்ள இடத்தில் அந்த இயந்திரத்துக்கு இடம் ஒதுக்க நான் அவசரப்படுவதில்லை. பின்னால் வேண்டுமென்றால் பொருத்த மின்முனையும் இணையக் கம்பியும் மட்டும் தரையில் விட்டுவைக்கிறேன். கல்லாவின் ஒரு பகுதியைத் தாழ்த்திச் செய்யுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு என்று செய்தால் குழந்தைகளும், கனத்த பையைச் சற்று இறக்கிவைக்க விரும்பும் முதியவர்களும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள்.

செயற்கைச் செடிச் சுவர் வேண்டவே வேண்டாம். தூசி.

கடைசியாகப் பணம். மொத்தச் செலவில் பத்து விழுக்காட்டைத் திறப்பு விழாவுக்கு முன் தொடாதீர்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறேன். கடை நடக்கத் தொடங்கி மூன்று மாதம் கழித்து நானும் உரிமையாளரும் ஒரு மாலை நேரம் முழுவதும் ஓர் ஓரத்தில் நின்று பார்க்கிறோம்: எங்கே வரிசை முட்டுகிறது, எந்த அடுக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கூட வந்தவர்கள் எங்கே சாய்ந்து நிற்கிறார்கள் என்று. ஒதுக்கிய பணம் பெரும்பாலும் அன்று பார்த்தவற்றுக்கே போகிறது. உடை மாற்றும் அறையில் இன்னும் இரண்டு கொக்கிகள், வாசல் அருகே முதுகு சாய்க்கும் பலகை, கல்லாவுக்குக் கீழே பை வைக்கும் தட்டு, சுவர் சாயம் உரிந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரச்சட்டம். நியான் எழுத்து வேண்டும் என்று அப்போதும் உரிமையாளருக்கு ஆசை இருந்தால், மீதிப் பணத்தில் அதையும் மாட்டிக்கொள்ளலாம்.